உப்பு வைக்கும் இடம்

பள்ளங்கிச் சரிவில் வண்டி ஏறவே ஏறாது என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கல் அடுக்கிப் பாதை போட்டவன் நான். எரிந்துபோன ஒரு லாரியின் உடம்பையும் பள்ளத்தில் கவிழ்ந்த இன்னொரு லாரியின் இன்ஜினையும் சேர்த்து, ஓடுகிற ஒரு லாரி செய்தவன் நான். கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மழை வந்தால் மண்ணோடு போய்விடும் என்று எஞ்சினியரே சொன்ன மேட்டில், காய்கறிக் கிட்டங்கி கட்டினேன். அந்த எஞ்சினியர் பக்கத்தில் கட்டிய சுவர் மூன்றாம் மழையில் உட்கார்ந்துவிட்டது. என் கிட்டங்கி நிற்கிறது, போய்ப் பாருங்கள். முட்டைக்கோஸ் மூட்டை சுமந்த தலை இது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒரு காரியமும் செய்திருக்கிறேன். அதற்குக் கல்லும் தேவைப்படவில்லை, இரும்பும் தேவைப்படவில்லை. ஒரு வாழையிலையின் ஓரத்தில் நடந்து முடிந்த காரியம். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அக்காவைச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குப் பேர் இருந்தது. ஆனால் பேருந்து நிலையத்தில் இறங்கி 'அக்கா கடை' என்று கேட்டால் குதிரைக்காரன்கூடக் கை காட்டுவான். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளி, எழுபதுகளில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்த குடும்பம். புருஷன் வந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். நாம் டீ என்போம், அக்கா தேத்தண்ணி என்பார். கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளாத சங்கதிகள் அவரிடம் நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எச்சில்.

நான் முதன்முதலாக அந்தக் கடைக்குப் போனது மூட்டை சுமந்த காலத்தில். தண்ணீர் கேட்டேன். அக்கா சொம்பை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"கையேந்துங்க தம்பி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்கப்பன் காலத்தோட கையேந்துறது முடிஞ்சு போச்சுக்கா. டம்ளர்ல குடுக்க மனசில்லேன்னா தண்ணியே வேணாம்."

அக்கா கோபப்படவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்ற தன் மகனைக் கூப்பிட்டார். அவனும் கையேந்தினான். அவனுக்கும் அதே உயரத்திலிருந்து ஊற்றினார். "இவன் என் வயித்துல பொறந்தவன். இவனுக்கும் இப்படித்தான். டம்ளருல வேணும்னா அண்ணாந்து குடிங்க. ஒதடு பட்டிச்சுன்னா டம்ளரு ஒங்களுக்கு, வீட்டுக்கே கொண்டு போயிருங்க."

நான் விடுவேனா? டம்ளரை வாங்கி, உதட்டை நன்றாக அழுத்தி வைத்துக் குடித்தேன். அக்கா திரும்பக்கூடப் பார்க்கவில்லை. "கொண்டு போங்க" என்றார். அந்த டம்ளர் இன்றைக்கும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கடையில்தான் தினமும் குடித்தேன், அண்ணாந்துதான்.

சீசனுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக, பஜ்ஜியை ஒரு கடி கடித்துவிட்டுக் காரம் என்று தட்டிலேயே திருப்பிப் போட்டார். தட்டு நிறைய மற்றவர்களுக்கான பஜ்ஜி. அக்கா தட்டோடு தூக்கி நாய்க்குப் போட்டார்.

"ஏம்மா, ஒண்ணத்தானே கடிச்சேன்?"

"பரிமாறுற வரைக்கும் அது எங் கடைச் சாமான். எலையில விழுந்திட்டா அதுக்குப் பேரு சாப்பாடு, வேற பேரே கெடையாது. கை பட்டிட்டா அது ஒங்க சொத்து. ஒங்க சொத்த எந் தட்டுல போடலாமா தொரை?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நாங்களும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்காமல் அந்தத் தட்டைச் சாம்பல் போட்டு, வெந்நீர் ஊற்றி, மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். யார் முன்னாலும் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் தின்று முடித்த பிறகு, அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாராம். மகள் சொல்லித்தான் தெரியும்.

எண்பதுகளில் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயின. அப்போது என்னிடம் லாரியும் இரண்டு ஜீப்பும் இருந்தன. மகன் துபாய்க்குப் போய்ப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். டயாலிசிஸ் மெசின் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில்தான். வாரத்துக்கு இரண்டு முறை வெள்ளனே மலை இறங்க வேண்டும். ஊசி குத்தி, ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவார்கள். அரைப் பகல் அசையாமல் கிடக்க வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கி மூச்சு முட்டும். டிரைவர் போட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நானே ஓட்டினேன்.

"எஸ்டேட்டுல விடியமுன்ன பெரட்டுக் களத்துல போயி நிக்கணும் தம்பி. பேரு கூப்புடறப்ப ஆளு இல்லேன்னா அன்னிக்கு வேல இல்ல. அதுக்குப் பயந்துதான் கடலத் தாண்டி வந்தம். இங்க வந்தா மெசினு பேரு கூப்புடுது. இதுக்குப் போகாட்டி ஆளே இல்ல" என்றார் ஒருநாள், பெருமாள்மலை தாண்டும்போது.

அந்த வார்டிலும் எச்சில் பார்த்தார். குழாயைக் கையோடு ஒட்டுவதற்கு சிஸ்டர் பிளாஸ்திரியை அவசரத்தில் பல்லால் கடித்துக் கிழித்தார். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஊசி ஏறிய கை. ரத்தம் தெறித்தது. வார்டே ஓடி வந்தது. "கத்திரிக்கோலு வச்சுக்கங்கம்மா. ஒங்க வாயி நல்ல வாயிதான், என் ரத்தத்துல என்னாத்துக்கு?" என்றார். சிஸ்டர் அழுதே விட்டார். அடுத்த வாரம் நான் ஒரு கத்திரிக்கோல் வாங்கி அந்தக் கட்டிலில் கட்டித் தொங்கவிட்டேன். அதுவும் நான்தான்.

மெசினைவிடப் பெரிய தொந்தரவு அரிப்பு. உடம்பு முழுக்க. மக்காச்சோளக் கட்டையை எடுத்து முதுகைத் தேய்ப்பார். தோல் உரிந்து சட்டையில் ஒட்டும். "இது என் தோலே இல்ல தம்பி. யாரோ சாக்குக்குள்ள போட்டு வாயத் தச்சிட்டாங்க. அவுக்கத் தெரியல" என்பார். காய்கறிச் சாக்கு தைப்பதும் என் தொழில். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு கோணி ஊசியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அரிப்புக்குக் காரணம் பாஸ்பரஸ் என்றார் டாக்டர். இளவயசுப் பிள்ளை, பொறுமையாகச் சொல்வார். "நாம சாப்பிடற எல்லாத்துலயும் அது இருக்கும்மா. கிட்னி வேல செஞ்சா வெளிய தள்ளிரும். மெசின் கொஞ்சந்தான் எடுக்கும். மிச்சத்த வயித்துக்குள்ளயே மடக்கிப் பிடிக்கணும். ரத்தத்துக்குள்ள ஏறிட்டா அரிப்பு, அப்புறம் எலும்பு உளுத்துப் போயிரும்."

"செக்போஸ்ட்டுன்னு சொல்லுங்க" என்றேன் நான். "லாரி வர்றப்பக் கட்டைய எறக்கணும். போனப்புறம் எறக்கி என்ன புண்ணியம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "கரெக்டுங்க, செக்போஸ்ட்டுதான்." அன்றிலிருந்து வருகிற நோயாளிக்கெல்லாம் அவர் செக்போஸ்ட் கதைதான் சொன்னார். யாரிடம் கற்றார் என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் கொடுத்தது ஒரு பாட்டில். வெள்ளையாகக் கூழ் மாதிரி இருக்கும். நெஞ்செரிச்சலுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கிற மருந்துதான், உள்ளே இருப்பது அலுமினியம். முரட்டு மருந்து. நேரம் முன்னே பின்னே ஆனாலும் பாஸ்பரஸை அமுக்கிவிடும். என்ன, வயிறு கல்லாக இறுகிவிடும். "காலமெல்லாம் அலுமினியச் சட்டியத் தேச்சேன். இப்ப சட்டியவே கரைச்சுக் குடிக்கச் சொல்றாங்க" என்று அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்.

பக்கத்துக் கட்டிலில் பஞ்சாலை சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். மதராஸில் மெசின் போட ஆரம்பித்து, அந்தப் பாட்டிலை நெடுங்காலமாகக் குடித்து வந்தவர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதருக்குப் பேச்சு இடற ஆரம்பித்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது. ஒருநாள் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த மனைவியைக் காட்டி, என்னிடம் மரியாதையாகக் கேட்டார்: "இந்தம்மா யாருங்க? யாரப் பாக்க வந்திருக்காங்க?"

அந்த அம்மா விசிறுவதை நிறுத்தவில்லை.

டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டார். "வெளிநாட்டுல இதப் பத்தி எழுதிக்கிட்டிருக்காங்க. அலுமினியம் வெளிய போகவும் கிட்னி வழிதான். அந்த வழிதான் அடைச்சுக் கெடக்கே. எலும்புலயும் மூளையிலயும் போய்த் தங்கிருதுன்னு சொல்றாங்க. நாம சுண்ணாம்பு மாத்திரைக்கு மாத்திக்குவோம்."

"மாத்துங்க சார்" என்றார் அக்கா உடனே. "ஒடம்பு போனாப் போகுது. புத்திய மட்டும் எடுத்திராதீங்க. அப்புறம் யாரு எச்சின்னு தெரியாமக் குடிச்சிருவேன்."

சுண்ணாம்பு மாத்திரை மென்மையானது, மூளைக்குப் போகாது. ஆனால் சோம்பேறி. கை நிறைய போட வேண்டும், அதுவும் சோறு வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். "முன்னாலயும் வேணாம், பின்னாலயும் வேணாம். நாலு வாய் சாப்பிட்டு மாத்திர, அப்புறம் மிச்சச் சாப்பாடு" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அக்காவும் தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கேட்காத காது ஒன்றும் இல்லை அங்கே.

பத்தியமும் சொன்னார். பால், தயிர், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், உப்பு. கொடைக்கானல் சந்தையில் பாதியை விலக்கியாகிவிட்டது. என் லாரியில் போகும் சரக்கு அத்தனையும் அக்காவுக்கு விஷம் என்று ஆனது.

மூன்று நான்கு மாதம் போயிற்று. அரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "கால்சியம் ஏறியிருக்கு. அப்படின்னா மாத்திர உள்ள போகுது. ஆனா பாஸ்பரஸ் எறங்கல. அம்மா, கோவிச்சுக்காதீங்க. பால் குடிக்கிறீங்களா? கருவாடு, பயறு ஏதாவது?"

அக்கா வாய் திறக்கவில்லை. சும்மா இருந்தது தப்பாகப் போயிற்று. மகள் வீட்டில் பால் சட்டியில் கரிக்கோடு போட்டு வைத்தாள், அளவு குறைகிறதா என்று பார்க்க. "மாமா, நீங்களே கேளுங்க. அம்மா என்னமோ ஒளிச்சுத் திங்குது. கடையில கெடக்குற பாலு, யாரு கண்டா?" என்று என்னிடமே சொன்னாள். வாழ்நாளெல்லாம் பால் காய்ச்சியும் ஒரு சொட்டு நக்காத கை அது. அக்கா கரிக்கோட்டைப் பார்த்தார், சட்டியைக் கழுவினார்.

ஐப்பசி மழையில் ஒரு நடை மதுரைக்குப் போனோம். அன்றைக்கு டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த ரத்தத்துலயும் இப்படியே இருந்தா எனக்கு வேற வழியில்லம்மா. கொஞ்ச நாளைக்காவது பாட்டிலுக்கே திரும்பணும்."

பக்கத்துக் கட்டிலில் அன்று வேறொரு ஆள் படுத்திருந்தார். ஜீப் மதுரையைத் தாண்டியதும் அக்கா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அந்தாளு கட்டிலுக்குப் புதுசா விரிப்பு போட்டிருக்காங்க" என்றார். அவ்வளவுதான்.

வத்தலக்குண்டு தாண்டி மலை அடிவாரம் வந்தால், லாரிகள் வரிசையாக நின்றன. செக்போஸ்ட்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே, மேல ரோடே காணோம். மண்ணு சரிஞ்சு கெடக்கு. வெரசாத் திரும்பிருங்க."

மேலே போக வழியில்லை. மதுரைக்குத் திரும்பினால் தங்க இடமில்லை. வத்தலக்குண்டில் ஒரு மெஸ் வாசலில் ஜீப்பை நிறுத்தினேன். மலைக்குப் போக வேண்டிய கூட்டம் முழுவதும் அங்கேதான் அடைந்து கிடந்தது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. அத்தனை வருஷப் பழக்கத்தில் அக்கா சாப்பிடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இலை போட்டார்கள். உப்புக்காரன் வந்ததும் அக்கா இலையின் ஓரத்தைக் கையால் மூடிக்கொண்டார். சோறு, சுரைக்காய், நாக்கு நனைய ரசம். தலை குனிந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தார். இலையை மடித்தார், கை கழுவினார், வாய் கொப்பளித்தார், முந்தானையில் துடைத்தார், ஜீப்பில் போய் உட்கார்ந்து விபூதி பூசினார். அதற்கும் பிறகு சுருக்குப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, அண்ணாந்து, உயரத்திலிருந்து வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

எனக்கு மண்டையில் மணி அடித்தது. லாரி போய்விட்டது, இப்போதுதான் கட்டை இறங்குகிறது!

"அக்கா! நடுவுல போடணும்னுல்ல சொன்னாரு?"

"சொன்னாரு."

"பெறகு?"

"எச்சிக் கையால மருந்தத் தொடுவாங்களா தம்பி?"

"எடது கையால போடுங்க."

"எடது கையால நீ விபூதி வாங்குவியா?"

"அப்ப பாதியில எந்திரிச்சுக் கையக் கழுவிப்புட்டுப் போட்டுக்கங்க."

"எலைய விட்டு எந்திரிச்சா அந்தச் சோத்துல மறுபடி கை வைக்கப்படாது."

"மொத வாய்க்கு முன்னால?"

"வெறும் வயித்துல போட்டா எடுக்குற வாந்திய நீதான சீப்புல கழுவுன?"

அது ஜீப்பைச் சொன்னது. இலங்கைப் பக்கத்து நாக்கில் ஜீப் எப்போதும் சீப்புதான்.

"நான் எடுத்து வாயில போடறேன்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "போடு, பாப்பம்."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். நாலு பக்கமும் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிற பொம்பளை. மழை தார்ப்பாயில் அறைந்தது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது.

"டாக்டர்ட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல? பெத்த மகளே திருடி மாதிரி பாக்குறா."

"என்னான்னு சொல்ல? எச்சி பாக்குறேன்னா? படிச்ச புள்ள சிரிக்கும். திருடின்னா திருடின்னே இருக்கட்டும்." தார்ப்பாயில் ஒழுகிய தண்ணீரை முந்தானையால் ஒற்றினார். பிறகு தானாகவே சொன்னார். "எங்க லயத்துல ஒரு காய்ச்சல் வந்திச்சு. வரிசையா வீடு, ஒரே கூரை. தோட்டத்து டிஸ்பென்சர் மருந்துத் தண்ணியும் ஒரு தகரக் கோப்பையுமா வருவாரு. புள்ளைங்கள எல்லாம் வரிசையில நிப்பாட்டி அதே கோப்பையில ஊத்துவாரு. கழுவ மாட்டாரு. கடைசியில நின்னவன் என் தம்பி. எனக்குத் தெரியும், நான் அவனுக்கு முன்னுக்க நின்னேன். மருந்துதான் குடிச்சான். மருந்துல சாவல. எச்சில செத்தான்."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. சொல்லிச் சரிக்கட்டுகிற விஷயமில்லை இது. பள்ளங்கிப் பாறையை எந்த மாட்டாலும் இழுக்க முடியாது என்றபோது நான் என்ன செய்தேன்? பாறையைத் தொடவே இல்லை. பாதையை வளைத்தேன். அதே மூளைதான் அன்றைக்கும் வேலை செய்தது. மூடிக்கொண்ட அந்த இலை ஓரம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பொழுது சாயும்வரை ரோடு திறக்கவில்லை. மறுபடி அதே மெஸ். அக்காவை ஜீப்பில் இருக்கச் சொல்லிவிட்டு நான் முன்னே போனேன். அவர் பையிலிருந்து கேட்டு வாங்கிய மாத்திரையை, வெந்நீரில் கழுவிய ஒரு தட்டில் வைத்து, வெந்நீரில் கழுவிய டம்ளரின் அடியால் நுணுக்கினேன்.

பரிமாறுகிறவன் உள்ளே பார்த்துக் கத்தினான்: "ஏலே, இங்க வந்து பாருங்கடா. அண்ணன் நம்ம ஓட்டலுக்கு வெள்ளையடிக்க வந்திருக்காரு!"

"ஒன் சோலியப் பாருடா. அந்தக் கரண்டியக் கழுவிக் கொண்டா."

இலை போட்டு, தண்ணீர் தெளித்தாயிற்று. முதலில் உப்புதானே வைப்பார்கள்? சோறு வருமுன், எந்தக் கையும் இலையில் படுமுன், உப்பு வைக்கும் இடத்தில் அந்த மாவைக் கரண்டியால் வைத்தேன். மூன்று வண்டிக்கு முதலாளி நான். கரண்டியோடு நின்றேன்.

அக்கா வந்து உட்கார்ந்தார். ஓரத்தில் வெள்ளையாக இருப்பதைப் பார்த்ததும் முகம் சுளித்தது. "உப்பு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"உப்பு இல்லக்கா."

புரிந்துகொண்டார். சோறு விழுந்தது. ரசம் விழுந்தது. கை மட்டும் இறங்கவில்லை. "மருந்த எலையில வச்சிட்டா சோறாயிருமா?"

"எலையில விழுந்திட்டா அதுக்கு வேற பேரே கெடையாதுன்னு யாரு சொன்னது? சீசன் தொரையோட பஜ்ஜிய நாய்க்குப் போட்டவங்கதான சொன்னாங்க? இதத் தொட்டுக்கிட்டுத் தின்னா கையும் மருந்தத் தொடல, மருந்தும் எச்சியத் தொடல. கூட்டு மாதிரி, ஊறுகா மாதிரி."

சுற்றிலும் கூட்டம் உண்டுகொண்டிருந்தது. அக்கா அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வழிதான் பாக்கி. அது அவரே போட்ட சட்டத்தின் வழி. மெதுவாகச் சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் தின்றார். மூன்றாம் வாயை எடுத்து அந்த ஓரத்தில் ஒற்றினார். மென்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"செவுத்தத் தின்ன மாதிரி இருக்கு" என்றார். அடுத்த வாயையும் ஒற்றினார்.

மறுநாள் ரோடு திறந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் இலைதான், உப்பு வைக்கும் இடத்தில் சுண்ணாம்புதான். சுவரைப் பார்த்துத் தின்றாலும் இலையைப் போட்டு அந்த ஓரத்தை நிரப்பிவிட்டு வருவது மகள் வேலை. அவள் கரிக்கோட்டைத் தானே தேய்த்து அழித்தாள்.

அடுத்த ரத்தத்தில் பாஸ்பரஸ் இறங்கியது. டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா செஞ்சீங்க?"

அக்கா கணீரென்று சொன்னார்: "நானா ஒரு வழி யோசிச்சேன் சார்."

நான் பக்கத்தில் நிற்கிறேன்! இலையில் வைப்பதை அவர் விளக்க, டாக்டர் சிஸ்டரைக் கூப்பிட, சிஸ்டர் மற்ற நோயாளிகளுக்குச் சொல்ல, ஒரு மாதத்தில் அந்த வார்டில் பாதிப்பேர் உப்பு வைக்கும் இடத்தில் மாத்திரை வைத்துத் தின்கிறார்கள். தங்களுக்கும் எச்சில் கைத் தொந்தரவு இருந்தது என்று அப்புறம்தான் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். கை கழுவிவிட்டுப் போட்டவர்கள் எத்தனை பேரோ, வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

ஜீப்பில் கேட்டேன். "ஏங்க்கா, அது நாஞ் சொன்னதுல்ல?"

"நீதான் சொன்ன. தின்னது யாரு?"

நான் கியரை மாற்றி வண்டியை மேலே ஏற்றினேன்.

அரிப்பு குறைந்தது. மக்காச்சோளக் கட்டையை அடுப்பில் போட்டார். ஆனால் அதற்காக மலை இறங்குவது நிற்குமா? மெசின் பேர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது. "எப்படிக்கா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டபோது, "கூண்டு அதே கூண்டுதான் தம்பி. காலு நீட்ட எடம் கெடச்சிருக்கு" என்றார். கால் நீட்ட இடம் கொடுத்தவன் யார் என்று அப்போதும் சொல்லவில்லை.

எண்பதுகள் முடியும் முன்னே ஒரு சித்திரையில் இதயம் நின்றுபோனது. புத்தி கடைசிவரை தெளிவாகவே இருந்தது. முதல்நாள்கூட என் டம்ளரைப் பார்த்து, "ஒதடு படுது" என்று அதட்டினார்.

பதினாறாம் நாள் படையலுக்குப் போனேன். பெரிய தலைவாழை இலை. பால், தயிர், உருளைக்கிழங்கு, பயறு, வாழைப்பழம் என்று விலக்கிவைத்த அத்தனையும் வரிசையாக வந்து இலையில் விழுந்தது. நான் முதலில் பார்த்தது ஓரத்தைத்தான். மகள் உப்பு வைத்திருந்தாள். பழக்கதோஷத்தில் என் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பையில் அக்காவுக்காக எப்போதும் வைத்திருக்கும் மாத்திரை இருந்தது. கையை அப்படியே வெளியே எடுத்துக்கொண்டேன். இனிமேல் உப்பு சாப்பிடலாம்.

இந்த வருஷ நினைவு நாளுக்கு மகளும் மகனும் பேருந்து நிலையத்தில் பெரிய சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். என் பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். உயிர் காத்த மருத்துவருக்கு நன்றி. புது வழி கண்ட செவிலியருக்கு நன்றி. கடல் கடந்து உழைத்த மகனுக்கு நன்றி. கடைசி வரியில், பொடி எழுத்தில், 'வண்டி ஓட்டிய அன்பருக்கும் நன்றி.'

வண்டி ஓட்டிய அன்பர்! கூலி வாங்காத டிரைவர் என்று வேண்டுமானால் அதற்கு அர்த்தம் சொல்லலாம். இதைத் திருத்த வேண்டும். பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டேன், இப்போது பேரன் கையால் எழுத வைத்தும் தருகிறேன். செக்போஸ்ட் பேச்சை டாக்டரே வைத்துக்கொள்ளட்டும். கத்திரிக்கோலை சிஸ்டரே வைத்துக்கொள்ளட்டும். சுவரைத் தின்பதுபோல அந்தச் சுண்ணாம்பை வருஷக்கணக்கில் தின்றது அக்கா. அது அவர் பேரிலேயே இருக்கட்டும், அதில் எனக்குப் பங்கு வேண்டாம்.

ஆனால் வத்தலக்குண்டு மெஸ்ஸில், சோறு விழுமுன், உப்பு வைக்கும் இடத்தில் அதைப் பரிமாறியது நான். அடுத்த வருஷச் சுவரொட்டியில் அதைப் போடுங்கள். பெரிய எழுத்தில் போடுங்கள்.